கார்பன் இழையின் மேற்பரப்பை மாற்றினால் எபாக்சி கலப்புப்பொருளில் என்ன மாறும்?

கார்பன் இழைகளை எபாக்சி என்ற பிசினில் பதித்து இறுகவைத்ததுதான் இந்தக் கலப்புப்பொருள். இழையும் எபாக்சியும் அதேதான். இழையின் மேற்பரப்பை மட்டும் மாற்றினால் வலிமை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும். ஆனால் எந்த வலிமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுமார் 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இந்த இழையின் மேற்பரப்பு கிராஃபைட் போன்றது, எளிதில் வினைபுரியாது. பிசின் அதை உறுதியாகப் பற்றுவதில்லை. உடைந்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், பிசின் ஒட்டாத வழவழப்பான இழைகள் உருவிக்கொண்டு நிற்பதும், சில இழைகள் கழன்றுபோன துளைகளும் தெளிவாகத் தெரியும். நைட்ரிக் அமிலத்தாலோ பிளாஸ்மாவாலோ (மின்னூட்டம் பெற்ற வாயு) இழையைப் பதப்படுத்தினால், அதன் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன் கொண்ட வேதித் தொகுதிகள் உருவாகி எபாக்சியுடன் பிணைகின்றன.

இதன் பலன், கலப்புப்பொருளின் இழை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரியாமல் தடுக்கும் வலிமையில்தான் அதிகம் தெரியும். இழையின் திசையிலான இழுவிசை வலிமை பெரும்பாலும் இழையையே சார்ந்தது. அங்கே பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் மேற்பரப்பில் பள்ளங்கள் விழுந்து இழையே பலவீனமாகிவிடும். பிணைப்பு அளவுக்கு மீறி இறுகினாலும் ஆபத்துதான்: விரிசல் இழையை ஒட்டித் திசைதிரும்பாமல் அதை நேராக அறுத்துக்கொண்டு போகும், மோதலைத் தாங்கும் திறன் சரியும்.