ஷாக் போகவில்லை, கிரீஸ்தான் போயிருக்கிறது

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய 27.5 அங்குல மவுண்டன் சைக்கிள். முன்னால் 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஷாக். இப்போது அழுத்தினால் பாதியில் நிற்கிறது, மேலே வரும்போது இழுத்துக்கொண்டு வருகிறது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று சத்தம். கடையில், “ஷாக் போயிட்டு அண்ணாச்சி, ஏர் ஷாக் போட்டுருங்க” என்கிறார்கள். பைக் மெக்கானிக் ஒருவர் ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முடியும். ஆயில் வேண்டவே வேண்டாம். புது ஷாக் வேண்டுமா என்பதை, இப்போது இருப்பதைத் திறந்து துடைத்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஷாக்கில் இரண்டு மேல்குழாய்கள் இரண்டு கீழ்க்கால்களுக்குள் ஏறி இறங்குகின்றன. இடையில் பிளாஸ்டிக் புஷ் (குழாய் வழுக்கி ஓடும் வளையம்), வாய்ப்பக்கம் தூசி ரப்பர். இந்த விலை ஷாக்குகள் ஓடுவது கிரீஸில். கம்பெனியில் தடவி வரும் கிரீஸே கொஞ்சம். குளத்தங்கரைப் புழுதியும் செம்மண்ணும் அதில் ஒட்டிக் கறுப்புப் பசையாகிவிடும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சன்டூர் போன்ற தயாரிப்பாளர்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதம்கூட ஆகாது. சைக்கிளை விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லும் கடை எத்தனை? ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் சின்ன ரப்பர் சீல் ஒரு ஜோடியை இருப்பு வைப்பதில்லை. கேட்டால் ‘முழு செட்டா மாத்திரணும்’ என்பதே பதில்.

ஆயில் யோசனையை உடனே கைவிடுங்கள். பைக் ஷாக்கின் சீல் எண்ணெயைத் தேக்கி நிறுத்தவே செய்யப்பட்டது. உங்கள் ஷாக்கின் ரப்பர் தூசியைத் தடுக்க மட்டுமே. உள்ளே ஊற்றிய ஆயில் காலின் வழியே கசிந்து டிஸ்க் பிரேக்கின் தட்டில் இறங்கும். அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட் ஒருமுறை எண்ணெய் குடித்தால் பிரேக் பிடிக்காது. துடைத்தாலும் தேறாது, பேட்டையே மாற்ற வேண்டும். மணிமுத்தாறுக்கு மேல் மாஞ்சோலை இறக்கம் போன்ற இடத்தில் முன் பிரேக் இல்லாமல் போவது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டபிள்யூடி-40, மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் இதே கணக்குத்தான்: அடித்த அன்றைக்கு வழுக்கும், மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். வாட்டர் சர்வீஸில் கொடுத்து ஷாக்கின் வாயில் பிரஷர் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். தண்ணீர் ரப்பரைத் தாண்டி உள்ளே போய்த் தங்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் வலதுகால் உச்சியில், ஷாக்கை அமுங்கவிடாமல் பூட்டும் லாக் திருகு பூட்டிய நிலையில் இல்லையே என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இடதுபக்கத் திருகைக் கடைசிவரை தளர்த்துங்கள். தேவையானவை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய வேட்டித் துணி, ஒரு குச்சி, ரப்பர் சுத்தியல், சிலிக்கான் கிரீஸ் ஒரு டியூப். பெரிய செலவில்லை.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரின் (பேட்டுகள் உட்காரும் கூடு) இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஒயரோடு ஓரமாகத் தொங்கவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால் பேட்டுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். பிரேக் லீவரைத் தொடவே கூடாது. கீழ்க்கால் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு போல்ட் இருக்கும். மாடலைப் பொறுத்து ஆலன் கீயோ பாக்ஸ் ஸ்பேனரோ கேட்கும். மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே இருக்கும் தண்டு விடுபடும். முழுக்கக் கழற்றிவிட்டுத் தண்டின் மேல் இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். சில கால்களில் போல்ட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றும். அப்போது இன்னொருவரை ஷாக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். பிறகு கீழ்க்கால்களை நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

உள்ளே காபித்தூள் மாதிரி வண்டல் இருக்கும். ஆல்கஹால் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி, துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடையுங்கள். ஒவ்வொரு காலிலும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு புஷ், ஆழத்தில் இன்னொன்று. வாய்ப்புஷ்ஷை மட்டும் துடைத்துவிட்டு விடுகிறவர்கள்தான் ‘கிரீஸ் போட்டும் சரியாகவில்லை’ என்பவர்கள். ஆழத்துப் புஷ்ஷிலும் குச்சியால் கிரீஸ் தடவுங்கள். புஷ் ஒன்றுக்குச் சுண்டைக்காய் அளவு, ரப்பரின் உள்உதட்டில் சுற்றிலும் மெல்லிய பூச்சு, ஸ்பிரிங் கண்ணில் பட்டால் அதன் மேலும் ஒரு பூச்சு. அதற்கு மேல் போட்டால் பிதுங்கி வெளியே வந்து புழுதியைச் சேர்க்கும். மாட்டும்போது இரண்டு காலையும் ஒன்றாக, ஆட்டி ஆட்டி ஏற்றுங்கள். ரப்பர் உதடு உள்பக்கம் மடிந்துகொள்ளாமல் விரலால் சுற்றிவிடுங்கள். மடிந்தால் அந்த வழியாகத்தான் அடுத்த மழைத் தண்ணீர் போகும். போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள்; இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 8 நியூட்டன் மீட்டர் போதும். காலிப்பரை லேசாக மாட்டி, சக்கரம் போட்டு, லீவரைப் பிடித்தபடியே அதன் போல்ட்டுகளை இறுக்கினால் டிஸ்க் உரசாது.

இனி அந்த ‘டொக்’. இதைக் காட்டித்தான் கடைகளில் புது ஷாக் விற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டி, ‘பாருங்க, ஆடுது’ என்பார்கள். ஆட்டம் மூன்று இடத்தில் இருக்கலாம். ஹேண்டிலுக்குக் கீழே, பிரேமும் ஷாக்கும் சேரும் பேரிங் கப்பைச் சுற்றி விரலை வைத்துக்கொண்டு ஆட்டுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் கப்தான் லூஸ். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, உச்சி போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி பக்கவாட்டை இறுக்கினால் தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை. அங்கே அசைவில்லை என்றால் ஹேண்டிலைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பிவைத்து மறுபடி ஆட்டுங்கள். இப்போது சத்தம் நின்றுவிட்டால் காலிப்பருக்குள் பேட் ஆடுவதாக இருக்கலாம்; அப்படியானால் அதுவும் ஷாக் இல்லை. மூன்றாவதாக, தூசி ரப்பரும் மேல்குழாயும் சேரும் இடத்தில் விரல் வையுங்கள். அங்கே அசைந்தால்தான் புஷ் தேய்ந்திருக்கிறது. லேசான அசைவு புது ஷாக்கிலேயே உண்டு. ‘டக் டக்’ என்று கண்ணுக்கே தெரிகிற ஆட்டம் என்றால் மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த விலை ஷாக்குக்கு புஷ் தனியாகக் கிடைக்காது, கிடைத்தாலும் அதை ஏற்றும் கருவி நம் ஊர்க் கடைகளில் இல்லை.

மேல்குழாயில் துரு இருந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தப் பள்ளம் ரப்பரை அறுக்கும். அந்தக் குழாயோடு ஷாக்குக்கு ஆயுள் குறைவு. லேத் பட்டறையில் ‘குரோம் ஏத்தித் தர்றோம்’ என்றால் கொடுக்காதீர்கள். பூச்சு கொஞ்சம் தடித்தாலும் குழாய் புஷ்ஷுக்குள் இறுகிவிடும்.

மாற்றுவது என்றே முடிவானால், கடைக்காரர் அளவைச் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே அளந்துகொண்டு போங்கள். பிரேமின் கழுத்துக்குழாய் மேலும் கீழும் ஒரே பருமனா, கீழே அகன்றதா? ஒரே பருமன் என்றால், பிரேமுக்குள் ஏறும் நடுக்குழாய் 28.6 மி.மீ. (ஒன்றே அரைக்கால் அங்குலம்) நேராக உள்ள ஷாக்தான் பெரும்பாலும் ஏறும்; கீழே அகன்ற நடுக்குழாய் ஏறாது. இப்போதுள்ள சக்கரம் 9 மி.மீ. அச்சு என்றால் 15 மி.மீ. அச்சு ஷாக்கை வாங்காதீர்கள். சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு வரும். 100 மி.மீ. இருந்த இடத்தில் 120 போட்டால் முன்பக்கம் உயர்ந்து ஹேண்டில் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். 140 போடச் சொல்கிறவர் பிரேமின் கழுத்து விரிசல் விட்டால் பக்கத்தில் இருக்கமாட்டார்.

பழைய ஷாக்கை இடைத்தரகர்களிடம் வாங்குவதில் பெரிய ஏமாற்று, ஷாக்கின் நடுக்குழாய் நீளம். முந்தைய சைக்கிளுக்கு ஏற்ப வெட்டியிருப்பார்கள்; வெட்டியதை நீட்ட வழியே இல்லை. உங்கள் பிரேமின் கழுத்து, ஸ்டெம்முக்கு அடியில் உள்ள வளையங்கள், ஸ்டெம் மூன்றின் உயரத்தையும் கூட்டிவைத்துக்கொண்டு, விற்கிறவரிடம் அந்த நடுக்குழாயை டேப் வைத்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பில்லில் மாடல் எண் எழுதாமலும் பணம் கொடுக்காதீர்கள்.

ஏர் ஷாக் வாங்கினால் அதற்கான சிறிய ஷாக் பம்பும் சேர்த்தே வாங்குங்கள். பெட்ரோல் பங்க் கம்பிரசரை அதன் வால்வில் வைக்கவே கூடாது. உள்ளே இடம் குறைவு, நொடியில் அளவு மீறிவிடும். எடைக்கேற்ற காற்றழுத்த அட்டவணை பெரும்பாலும் கீழ்க்காலின் பின்புற ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதன்படி அடித்துவிட்டு, மேல்குழாயில் ஒரு கேபிள் டை கட்டி ரப்பரோடு ஒட்டி வைத்து, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். 100 மி.மீ. ஷாக்கில் டை 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருந்தால் காற்று சரி. குறைவாக நகர்ந்தால் 5 பிஎஸ்ஐ இறக்குங்கள், அதிகமானால் 5 ஏற்றுங்கள்.