சாக்லேட் பெட்டியை விடுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்: சியர் பெற்றோர் கேள்வி-பதில்

பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் யூனிஃபார்ம் பில் வீடு வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ஆட்டத்தின்போது கோஷம் போட்டு ஆடி அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடிங் குழுவுக்கு எப்படிப் பணம் திரட்டுவது என்பதுதான். என் மகள் ஆடிய காலத்தில், பெற்றோர் சேர்ந்து குழுவுக்குப் பணம் திரட்டும் பூஸ்டர் கிளப்பின் கணக்குப் புத்தகத்தைச் சுமந்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: போன வருஷம் சாக்லேட் பெட்டி விற்றோம். பாதியை நாங்களே வாங்கித் தின்றதுதான் மிச்சம். இந்த வருஷம் வேறு என்ன செய்யலாம், அக்கா? (ஓஹையோ வாசகி)

எதையும் விற்கவே வேண்டாம். அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சியர் கிளினிக், அதாவது ஒரு நாள் பயிற்சி வகுப்பு, நடத்துங்கள். கின்டர்கார்ட்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை, சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், பள்ளி ஜிம்மில். உங்கள் குழுப் பிள்ளைகளே இரண்டு கோஷமும் ஒரு சின்ன ஆட்டமும் சொல்லித் தரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தின் ஹாஃப்டைமில் அந்தச் சின்னதுகள் மைதானத்தில் இறங்கி ஆட வேண்டும். சூட்சுமமே அந்த வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது. ஆறு வயதுப் பேத்தி இரண்டு நிமிஷம் கையை ஆட்டுவதைப் பார்க்க தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று ஒரு வேன் ஆள் வந்து இறங்கும். கேட் வசூல் பெரும்பாலும் பள்ளி விளையாட்டுத் துறைக்குப் போய்விடும். அதனால் அன்று ஒரு ராத்திரிக்காவது மைதானத்தில் தின்பண்டம் விற்கும் கன்செஷன் கடையை உங்கள் கிளப்புக்குத் தரச் சொல்லி அத்லெட்டிக் டைரக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பிள்ளைக்கு 40 டாலர் கட்டணம், 60 பிள்ளைகள்: 2,400. டி-ஷர்ட்டுக்கு 8, கையில் பிடித்து ஆட்டும் பாம்-பாம் குஞ்சத்துக்கு 4, தண்ணீருக்கும் நொறுக்குத் தீனிக்கும் 2 என்று வைத்தால் செலவு 840. கையில் நிற்பது 1,560. சாக்லேட்டில் இதை எடுக்க எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?

டி-ஷர்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருஷம் அளவு கேட்காமல் எல்லாவற்றையும் பெரியவர்களுக்கான ஸ்மாலில் ஆர்டர் செய்துவிட்டேன். கின்டர்கார்ட்டன் பிள்ளைகளுக்கு அது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஹாஃப்டைமுக்குப் பத்து நிமிஷம் முன்னால் பெஞ்சுக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு சட்டையையும் பின்பக்கம் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு முடிச்சுக் கட்டினேன். பதிவுத் தாளிலேயே அளவைக் கேளுங்கள். பதிவைக் கிளினிக்குக்கு இரண்டு வாரம் முன்பே மூடிவிடுங்கள்.

அதே தாளில் ஒவ்வாமை, அவசர ஃபோன் எண், கூட்டிப்போக வருபவர் பெயர், எல்லாம் வேண்டும். "நான் அவளோட மாமாங்க" என்று சிரித்துக்கொண்டு வருபவர் நிஜமாகவே மாமாவாகத்தான் இருப்பார். இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால், அம்மாவுக்கு ஃபோன் போட்ட பிறகுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி நிறுத்தி ஃபோட்டோ எடுக்கலாமா?

கூடாது. மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் வித்தையா அது? தூக்குகிற பிள்ளைக்கே பயிற்சியும் பக்கத்தில் கோச்சும் இல்லாமல் நடக்கக் கூடாத காரியம். கால் தரையிலேயே இருக்கட்டும். ஃபோட்டோவுக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் தனி ஆளாக 15 பிள்ளைகளைக் கிளினிக்குக்குச் சேர்த்தாள். சிலர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அவள் கொண்டுவந்த பணத்தை அவளுடைய கேம்ப் கட்டணத்தில் கழித்தால் என்ன தப்பு? (டெக்ஸஸ் வாசகர்)

உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கிளப் 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு, என்றால் இந்த வழியில் போகாதீர்கள். வர்ஜீனியாவில் கேபிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இதைத்தான் செய்தது. நிதி திரட்டிய குடும்பத்துக்குப் புள்ளிகள், அந்தப் புள்ளிகளுக்கு அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழிவு. திரட்டாதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அதன் வரிவிலக்கைப் பறித்தது. கிளப் வழக்குப் போட்டது. 2013-இல் வரி நீதிமன்றமும் ஐ.ஆர்.எஸ். பக்கமே தீர்ப்புச் சொன்னது. பொதுவுக்கென்று திரட்டிய பணம் தனித்தனிக் குடும்பங்களின் பைக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

அப்படியானால் உழைத்தவளுக்கு என்னதான் மிச்சம்? பணம் மொத்தமும் குழுவுக்குப் போகட்டும், எல்லோர் கட்டணமும் ஒரே அளவு குறையட்டும். முடியாத குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால், யார் எவ்வளவு திரட்டினார் என்று பார்க்காமல், தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்க ஒரு விதியை எழுதி வையுங்கள். ஹாஃப்டைமில் சின்னப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போகும் முதல் ஆளாக உங்கள் மகளை நிறுத்தச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். அதற்கு யாரும் வரி போட முடியாது.

கேள்வி: கிளினிக் கட்டணத்துக்கு வரிவிலக்கு ரசீது கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பயிற்சியும் சட்டையும் வாங்கிக்கொண்டு கொடுத்த பணம் நன்கொடை ஆகாது. ஒருவர் 100 டாலர் கொடுத்து, அவருக்குக் கிடைத்ததன் மதிப்பு 40 என்றால், மீதி 60-தான் நன்கொடை. இப்படி இரண்டும் கலந்து 75 டாலருக்கு மேல் வாங்கினால் அந்த மதிப்பை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் நன்கொடையாக 250 டாலரோ அதற்கு மேலோ தருபவர், அதை வரியில் கழிக்க உங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான ஒப்புகை வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மதிய இடைவேளையில் கப்கேக் விற்கலாமா? குலுக்கல் சீட்டு போடலாமா?

கப்கேக்குக்கு முதலில் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். 2014-இலிருந்து ஸ்மார்ட் ஸ்நாக்ஸ் விதி இருக்கிறது. நள்ளிரவு முதல் பள்ளி விட்டு அரை மணி நேரம் வரை வளாகத்தில் மாணவர்களுக்கு விற்கும் தின்பண்டத்துக்குச் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. நிதி திரட்ட விதிவிலக்கு நாட்கள் உண்டா, எத்தனை என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. சாயங்கால ஆட்டத்தில் விற்றால் இந்த வம்பே இல்லை. குலுக்கல் சட்டப்படி சூதாட்டக் கணக்கில் வருவது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், சில இடங்களில் உரிமம் வேண்டும். நான் தொடவே மாட்டேன்.

கேள்வி: எட்டு வயது மகன் கிளினிக்குக்குப் போவேன் என்று குதிக்கிறான். என் கணவர் "அது பொண்ணுங்க சமாச்சாரம்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

1898-இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆட்டத்தில் கூட்டத்துக்கு முன்னால் வந்து கோஷத்தை நடத்திய ஜானி கேம்பெல் ஓர் ஆண். அங்கே பெண்கள் சேர்ந்தது 1920-களில். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் முழங்கால் அடிபட்டு ஃபுட்பாலை விட்ட பிறகு சியர்லீடராக நின்றவர். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் பள்ளியில் சியர்லீடர்தான். 1948-இல் டெக்ஸஸில் லாரன்ஸ் ஹெர்க்கிமர் நடத்திய முதல் பயிற்சி முகாமுக்கு 52 பெண்களும் ஒரே ஒரு பையனும் வந்தார்கள். அந்த ஒருவனாக உங்கள் மகன் இருந்துவிட்டுப் போகட்டுமே. கிளினிக் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: நோட்டீஸ் முழுக்க ரோஸ் நிறத்தைக் கொட்டினால் ஊரில் பாதிப் பிள்ளைகளை நீங்களே திருப்பி அனுப்புகிறீர்கள். பள்ளி நிறத்தில் அடித்து, "எல்லாப் பிள்ளைகளும் வரலாம்" என்று பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: கிளினிக் முடிந்தும் போட்டிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது.

அதே சின்னப் பிள்ளைகளை மறுபடி கூப்பிடுங்கள். அரை மணி நேரம் குழுவும் குழந்தைகளும் சேர்ந்து குதிக்கட்டும். குதிப்புக்கு இத்தனை சென்ட் என்று உறவினர் முன்பே ஒப்புக்கொள்ளட்டும். ஒரு உச்சவரம்பும் எழுதி வாங்குங்கள், குழந்தைகள் களைக்கவே மாட்டார்கள், தாத்தா பர்ஸ்தான் களைக்கும். ஆட்ட நாட்களில் கன்னத்தில் பள்ளிச் சின்னம் வரைவது இன்னும் சுலபம். வாட்டர்-பேஸ் முகச்சாயம் மட்டும் வாங்குங்கள். கைவேலைக்கு வைத்திருக்கும் அக்ரிலிக் பெயின்ட் தோலுக்கு ஆகாது.