ரெண்டு இன்ச் பைப் என்று எழுதியது யார்?

கடைப் பெயர்ப்பலகை போர்டு பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், கேட்கிற ஆள்தான் வேறு. "டிசைன் மட்டும் போதாது, என்ஜினீயரிங் டிராயிங்கும் வேணும்னு பார்ட்டி கேக்கறாங்க, என்ன பண்றது?" வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் வீட்டில் உட்கார்ந்தே போர்டு டிசைன் செய்கிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். முன்பெல்லாம் கடைக்காரர் செல்போனில் படத்தைப் பார்த்துத் தலையாட்டினால் போதும், பட்டறையில் வெல்டிங் தொடங்கிவிடும். இப்போது மால்காரர், பெட்ரோல் பங்க், நகைக்கடைக் கிளை என்று யாரிடம் போனாலும் தாளில் கணக்கைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் கோரல் டிராவில் டிசைன் பண்றவன். ஒரு ஜவுளிக்கடைக்கு 20-க்கு 10 அடி போர்டு. "என்ஜினீயரிங் டிராயிங் கொடுத்தாத்தான் ஆர்டர்"னு சொல்லிட்டாங்க. நானே போட்டுக் கொடுக்கலாமா?

பாதியை நீங்கள் போடலாம், பாதியை நீங்கள் போடக்கூடாது. அந்தப் பெயரில் பார்ட்டி கேட்பது பெரும்பாலும் இரண்டு வேறு தாள்கள். அது அவருக்கே தெரிந்திருக்காது.

முதலாவது பட்டறைப் படம். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டு வெட்டு, எழுத்தின் உயரம், ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) ஷீட்டின் கனம், எந்த நிறம், வயர் எந்தப் பக்கம் வெளியே வருகிறது, எஸ்எம்பிஎஸ் (லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எங்கே உட்காருகிறது, சர்வீஸுக்கு எந்தப் பலகை திறக்கும். இதெல்லாம் உங்கள் வேலை. இதை உங்களைவிட நன்றாக யாரும் போட முடியாது. கோரலிலேயே அளவோடு போடலாம், ஆட்டோகேட் கட்டாயம் இல்லை.

இரண்டாவது பலம் சொல்கிற படம். ஃபிரேமுக்கு எந்தப் பைப், எத்தனை ஆங்கர் போல்ட், எவ்வளவு ஆழம், சுவர் தாங்குமா என்பதெல்லாம் அதில் வரும். அதில் கையெழுத்தும் சீலும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயருடையது. ஏன் என்று கேட்டால் காற்றைத்தான் காட்டுவேன். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, 2015 பதிப்பு. அதில் கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் நியூட்டனில் அழுத்தம். அதைக் கிலோவாக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ வரும். உங்கள் 20-க்கு 10 அடி போர்டு கிட்டத்தட்ட 18.6 சதுர மீட்டர். தட்டையான பலகைக்கான 1.2-ஆலும் பெருக்கினால் இரண்டு டன் தள்ளு. போர்டின் எடை இதில் சேரவில்லை, காற்று மட்டும். இது முதல் மதிப்பீடுதான். என்ஜினீயர் உயரம், சுற்றியுள்ள கட்டடம், மேடு பள்ளம் எல்லாம் பார்த்து ஏற்றுவார் இறக்குவார்.

நம் ஊரில் இதைத் தள்ளிவிட முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்ட வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க மேற்கிலிருந்து வரும். பிறகு கார்த்திகையில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும், பாலக்காட்டில் விருச்சிகக் காற்று என்பார்கள். ஆக நம் போர்டை ஒரு பக்கம் தள்ளுவதை மட்டும் பார்த்தால் போதாது, பின்பக்கமிருந்தும் இழுக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, நாலு ஸ்க்ரூவில் நிற்கிற ஏசிபி நிச்சயம் பறக்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. ஆரம்பத்தில் கோபாலபுரம் ரோட்டில் ஒரு பேக்கரிக்குக் கம்பம் போர்டு டிசைன் செய்தேன். படம் முழுமையாகத் தெரியட்டுமே என்று கம்பத்துப் பக்கத்தில் "2 இன்ச் பைப்" என்று சும்மா எழுதினேன். ஃபேப்ரிகேட்டர் (ஃபிரேம் செய்கிற பட்டறைக்காரர்) அதையே வேதமாக எடுத்துக்கொண்டார். ஆடியில் ஒரு ராத்திரி கம்பம் இடுப்பில் வளைந்து போர்டு ரோட்டோரம் படுத்துவிட்டது. கீழே ஆள் இல்லை. காலையில் கடைக்காரர் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு இன்ச்னு எழுதினது யாரு?" என்றார். பதில் இல்லை. அன்றிலிருந்து என் படத்தில் பைப் இருக்கும், அளவு இருக்காது. அந்த இடத்தில் "அளவு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் படப்படி" என்றுதான் இருக்கும். அடியில் பெயர்க் கட்டத்துக்குள் இன்னொரு வரி: "தோற்றத்துக்கும் அளவுக்கும் மட்டும், பலத்துக்கு அல்ல." நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி: எவ்வளவு வாங்கறது அண்ணா? டிசைனுக்கே பேரம் பேசறவங்க டிராயிங்குக்குக் காசு தருவாங்களா?

டிசைனோடு சேர்த்துச் சொன்னால் தரமாட்டார்கள். தனி வரியாகப் போட்டால் தருவார்கள். கொட்டேஷனில் மூன்று வரி: டிசைன், பட்டறைப் படம், தள அளவெடுப்பு. திருத்தம் எத்தனை முறை இலவசம் என்பதையும் எழுதுங்கள், நான் இரண்டு முறை வைத்திருக்கிறேன். என்ஜினீயர் கட்டணத்தை உங்கள் பில்லில் சேர்க்காதீர்கள். பார்ட்டி நேரடியாக அவருக்கே கொடுக்கட்டும். பணம் உங்கள் கை வழியாகப் போனால் "நீங்கதானே என்ஜினீயரைக் கூட்டிட்டு வந்தீங்க" என்று நாளைக்கு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

வேலந்தாவளம்: என் ஃபேப்ரிகேட்டர் எல்லாக் கம்பத்துக்கும் ரெண்டுக்கு ரெண்டு, மூணடி ஆழம்தான் குழி எடுப்பார். இருபது வருஷமா ஒண்ணும் ஆகலைங்கறார். இப்ப ஒரு என்ஜினீயர் அஞ்சடிக் குழி கேக்கறார். யாரை நம்பறது?

என்ஜினீயரை. உங்கள் ஃபேப்ரிகேட்டர் பொய் சொல்லவில்லை, அவர் போட்ட கம்பங்களை ஐம்பது வருஷத்தில் ஒருமுறை வரும் காற்று இன்னும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 20 அடிக் கம்பத்தின் உச்சியில் 8-க்கு 4 அடி போர்டு. மேலே சொன்ன அதே காற்றில் அதன் மேல் விழும் தள்ளு சுமார் 330 கிலோ. அது தரையிலிருந்து 18 அடி, அதாவது 5.5 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் தரை மட்டத்தில் சுமார் 1,800 கிலோ-மீட்டர் புரட்டு (கிலோவை மீட்டரால் பெருக்கியது, தூரம் அல்ல). கடப்பாரையால் நெம்புவது மாதிரிதான். உங்கள் 2-க்கு 2-க்கு 3 அடிக் குழியில் போகிற கான்கிரீட் 12 கன அடி, எடை சுமார் 815 கிலோ. அந்த எடை மட்டும் புரட்டை எதிர்த்தால் 250 கிலோ-மீட்டர் தேறும். ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தை முழுக்கச் சுற்றியுள்ள மண்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எந்த மண் என்பதுதான் அடுத்த சங்கதி. கேரளத்தில் கரிசல் மண் இருக்கும் இடமே நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாதான். மழையில் ஊதும், பங்குனி வெயிலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வெடித்த மண் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளாது. செம்மண்ணில் இருபது வருஷம் நின்ற குழி கரிசலில் நிற்கும் என்று அர்த்தம் இல்லை. அஞ்சடி கேட்கிற என்ஜினீயர் மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னாரா என்று மட்டும் கேளுங்கள். பார்த்துச் சொன்னால் அவர் சொன்னபடி எடுங்கள். பார்க்காமல் சொன்னால் முதலில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம்: ஒரே ஹோட்டலுக்கு ரெண்டு கிளை, ஒண்ணு தமிழ்நாடு, ஒண்ணு கேரளா. நடுவுல அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே டிராயிங் போதுமா?

காற்றுக்குப் போதும், காகிதத்துக்குப் போதாது. தமிழ்நாட்டுப் பக்கம் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் நெடுநாளாக உள்ளது. அதே லேஅவுட்டை அந்தப் பக்கம் மாட்டினால் மலையாளம் அடியில் குட்டியாகக் கிடக்கும், ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். கேரளத்தில் பிவிசி ஃப்ளெக்ஸுக்கு 2019-லேயே அரசு தடை போட்டுவிட்டது, அதனால் அங்கே தற்காலிக பேனருக்கும் துணியோ மறுசுழற்சிக்கு உகந்த வேறு பொருளோதான். உரிமம் அந்தந்த உள்ளாட்சியிடம். கையெழுத்துப் போடும் என்ஜினீயர் அந்தந்த இடத்தில் பதிவு செய்தவரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பதிவான சீலை அங்கே ஏற்கவில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வாரம் போய்விடும்.

நெம்மாறையிலிருந்து ஒரு சகோதரி: எனக்கு நெல்லூர்ல ஒரு பார்ட்டி கிடைச்சிருக்கு. இங்க போட்ட பைலான் போர்டோட (தரையில தனியா நிக்கிற உயரமான போர்டு) அதே டிராயிங்கை, சீலோட, அனுப்பட்டுமா?

வேண்டாம் அம்மணி. அதே தரக்குறியீட்டில் நெல்லூருக்கும் சென்னைக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். கடலோரம், புயல் வருகிற பக்கம். 39-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் வேகத்தை வேகத்தால் பெருக்குகிறோம் இல்லையா, சதுர மீட்டருக்கு 93 கிலோ என்றிருந்தது 153 கிலோ ஆகிவிடும். நம் ஊர்க் கம்பம் அங்கே போனால் ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்க வேண்டும். டிசைன் உங்களுடையது, அனுப்புங்கள். பலத்தை அந்த ஊர் ஆள் மறுபடி கணக்குப் போடட்டும். துருவும் வேகமாகப் பிடிக்கும், கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்யாமல் பெயின்டை நம்பாதீர்கள்.

சித்தூர் (பாலக்காடு): தெரிஞ்ச என்ஜினீயர் ஒருத்தர் இருக்கார். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினா, பார்க்காமலே சீல் போட்டு அனுப்பிடுவார். ஐநூறு ரூபாதான். வேகமா வேலை முடியுது, தப்பா?

தப்பு.

2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி பக்கத்தில் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது காற்றில் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் வீட்டு வாசலில் நடந்தது. அடுத்த வருஷம் மே 13-ல் மும்பை காட்கோபரில் விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிக்கக்கூடிய அளவு 40-க்கு 40 அடி, நின்றது 120-க்கு 120. அந்த வழக்கில் ஸ்திரத்தன்மைச் சான்று கொடுத்த என்ஜினீயரும் கைதானார். உங்கள் ஐநூறு ரூபாய் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கட்டணம் ஏறிவிடும். இல்லை, தளத்துக்கு வருவார். இரண்டில் எது நடந்தாலும் நல்லதுதான்.

ஆனைமலை: சுவர்ல ஒட்டற தனி எழுத்துக்கும் என்ஜினீயர் வேணுமா?

அரை அடி உயர அக்ரிலிக் எழுத்துக்கு வேண்டாம். பிராண்டுக்காரர் எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்று அடிக்கு மேல் உயரம், மாடி நெற்றி, பழைய செங்கல் சுவர் என்று இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டைச் செங்கல்லில் சாதாரண ஃபாஸ்டனர் சரியாகப் பிடிக்காது.

கோவிந்தாபுரம்: சிஎன்சி கட்டிங்குக்கு (கம்ப்யூட்டர் ஓட்டற வெட்டு மெஷின்) அனுப்பினா என் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தா உடைஞ்சு வருது. மலையாளம் கூட்டெழுத்து பிரிஞ்சு போகுது. கடைசி எழுத்து லைட்டும் மங்கலா எரியுது.

மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்து, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அப்படித்தான் வரும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் கர்வ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்குங்கள், மலையாளத்தையும்தான். மலையாளத்தில் 1971-க்கு முந்திய பழைய லிபியா புதிய லிபியா என்று பார்ட்டியிடம் முதலில் கேளுங்கள், சில தறவாட்டு (பழைய குடும்பத்து) கடைக்காரர்கள் பழையதைத்தான் விரும்புவார்கள்.

தமிழுக்கு இன்னொரு தொல்லை: சுழி. ண, ழ, இ இவற்றின் சுழிக்குள் எல்இடி மாட்யூல் நுழையாவிட்டால் அந்த இடம் இருட்டாகவே நிற்கும். ஆங்கிலத்துக்குப் போட்ட தடிமனைத் தமிழுக்குப் போடாமல், எழுத்தின் மிக ஒடுங்கிய இடத்தை அளந்து மாட்யூலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் உயரத்தை முடிவு செய்யுங்கள். இந்த அளவு உங்கள் பட்டறைப் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசி எழுத்து மங்குவது 12 வோல்ட் வயர் நீளமாக ஓடுவதால். ஒரு முனையிலிருந்து மட்டும் கரண்ட் கொடுக்காமல் நடுவிலிருந்தோ இரண்டு முனையிலிருந்தோ கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வாளையார்: நான் டிசைன் பண்ணின போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆச்சு. கடைக்காரர் கூப்பிடவும் இல்லை, நானும் போகலை. போய்ப் பார்க்கணுமா?

சட்டப்படி உங்கள் பொறுப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு போன் போடுங்கள், பார்க்கிற கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடிக்கு முன் ஒருமுறை, கார்த்திகைக்கு முன் ஒருமுறை. பேஸ் பிளேட் (கம்பத்தின் அடித்தகடு) போல்ட்டில் துரு வடிந்திருக்கிறதா, வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா, ஏசிபி ஓரம் தட்டினால் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். போகும்போது ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு போல்ட்டாவது நிச்சயம் தளர்ந்திருக்கும்.