புதுப் பம்ப் போட்ட முதல் வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்சுலின் பம்ப் பற்றியவை. உடம்போடு மாட்டிக்கொண்டு, மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி அது. பதில்களுக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். ஊசியில் போடும் நீண்டநேர இன்சுலின் தோலுக்கடியில் தங்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். பம்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. அதில் ஊற்றுவது விரைவு இன்சுலின் மட்டும்தான். குழாய் அடைத்தாலோ ஊசி நழுவினாலோ சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. கீழே நான் கெடுபிடியாகச் சொல்வது போலத் தெரியும் இடங்களில் எல்லாம் காரணம் இதுதான்.

மகளுக்கு 14 வயசு. பழைய பம்ப்புக்கு வாரண்டி முடிஞ்சிருச்சுங்க. இப்ப வாங்கியிருக்கறது தோல்ல ஒட்டற சர்க்கரை சென்சாரைப் பார்த்துத் தானாவே இன்சுலினைக் கூட்டிக் குறைச்சுக்கும்னு சொல்றாங்க. பழசுல இருக்கற அளவுகளை அப்படியே ஏத்திக்கலாமுங்களா? — வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஏற்றலாம் அம்மா, ஆனால் தானாக ஏறாது. பழைய பம்பில் இருக்கும்போதே ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: மணிவாரியான பேசல் அளவு (நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும் அடிப்படை இன்சுலின்), ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையை இறக்கும், இன்சுலின் வேலை செய்யும் நேரம், ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. புதியதில் ஏற்றி முடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். காலை 10 மணிக்குப் பதில் இரவு 10 மணி என்று வைத்துவிட்டால் ராத்திரிக்கான பேசல் பகலில் ஓடும். பார்க்கச் சின்ன விஷயம்தான், பாடாய்ப் படுத்திவிடும்.

அடுத்தது பலர் கோட்டை விடும் இடம். காலை 8 மணிக்கு இட்லிக்குப் போட்ட இன்சுலின் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது பழைய பம்புக்குத் தெரியும், புதியதற்குத் தெரியாது. 10 மணிக்கு மாற்றிவிட்டு, சர்க்கரை 220 இருக்கிறதே என்று கரெக்‌ஷன் (சர்க்கரையை இறக்கப் போடும் கூடுதல் டோஸ்) கேட்டால், புதிய பம்ப் முழு அளவையும் சொல்லும். இரண்டும் சேர்ந்து மதியத்துக்குள் பாப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் மாற்றுவதை காலைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் பழக்கித்தரும் கல்வியாளர் போனில் கிடைக்கும் வேலை நாளாகப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலமோ நோம்பி நாளோ வேண்டாம்.

சென்சாரைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மினிமெட் 780ஜி போன்ற பம்பில், தானியங்கி முறை முதல் நாளே ஓடாது. சுமார் 48 மணி நேரம் சாதாரண முறையில் ஓடி, உடம்பின் தேவையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். திறந்த பின் அது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது மூன்றைத்தான்: இலக்கு (100, 110 அல்லது 120), மாவுச்சத்து விகிதம், இன்சுலின் வேலை செய்யும் நேரம். பழைய பம்பில் 4 மணி நேரம் என்று இருந்ததை அப்படியே விட்டால் தானியங்கி மெத்தனமாக நடக்கும். பெரும்பாலும் இதை 2 முதல் 3 மணி நேரத்துக்குக் கொண்டுவருவோம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை வருஷம் நீங்களே கணக்குப் போட்டுப் பழகிவிட்டீர்கள். சர்க்கரை 200ல் நின்றால் கை பரபரக்கும். சிலர் சாப்பிடாத சோற்றைச் சாப்பிட்டதாகப் பதிந்து கூடுதல் இன்சுலினை வாங்கிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். பம்ப் ஏற்கெனவே 5 நிமிஷத்துக்கு ஒருமுறை தன் பங்குக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். சர்க்கரை இறங்கும்போதும் அப்படித்தான்: பம்ப் முன்கூட்டியே நிறுத்தியிருப்பதால், லேசான இறக்கத்துக்கு வழக்கமான 15 கிராம் குளுக்கோஸ் தேவைப்படாது. 5 முதல் 10 கிராம் கொடுத்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள்.

ஊசியிலிருந்து முதல் தடவையா பம்ப்புக்கு மாறறேன். ராத்திரி நீண்டநேர இன்சுலின் கிளார்ஜின் போட்டுட்டு மறுநாள் காலையில மாட்டிக்கலாமா? வீட்டு ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் குப்பி நாலஞ்சு கிடக்குது, அதையே பம்ப்புல ஊத்தலாமுங்களா? — ஜவுளி வியாபாரி, ஈரோடு

குப்பியை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் ஆபத்து. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை. பம்ப் கணக்குப் போடுவதோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று. 40 வகையை ஊற்றினால், திரையில் 10 யூனிட் என்று காட்டும், உடம்புக்குப் போவது 4 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், நீங்கள் பம்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலின் எதுவும் பம்புக்கு ஆகவே ஆகாது. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு வகையில், 100 என்று அச்சிட்ட குப்பி மட்டுமே. அவசரத்துக்கு வீட்டில் சிரிஞ்சு வைத்தாலும் ஆரஞ்சு மூடி போட்டதாக வாங்குங்கள். சிவப்பு மூடி 40க்கானது. அதில் 100 வகையை இழுத்தால் நினைத்ததைவிட இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

கிளார்ஜின் ஏறக்குறைய ஒரு நாள் வேலை செய்யும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டால் இரட்டை அடி. முந்தைய ராத்திரி டோஸை விட்டுவிடச் சொல்லலாம், அல்லது முதல் நாள் பேசலைக் குறைத்து வைக்கலாம். இரண்டில் எது என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். டெக்லுடெக் என்ற இன்னொரு நீண்டநேர வகை போடுபவராக இருந்தால் அது 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். அதற்கு வேறு திட்டம் வேண்டும்.

அளவு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஊசியில் ஒரு நாளுக்கு மொத்தம் 50 யூனிட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பம்புக்கு மாறும்போது 10 முதல் 25 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். 40 என்று எடுத்தால், அதில் பாதி பேசல். 20 யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 0.8. மாவுச்சத்துக்கு ஐந்நூறு, சர்க்கரையை இறக்க 1800 என்று இரண்டு வழக்கமான எண்கள் உண்டு. ஐந்நூறை 40ஆல் வகுத்தால் 12.5, அதாவது ஒரு யூனிட் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்தைக் கவனித்துக்கொள்ளும். 1800ஐ 40ஆல் வகுத்தால் 45, ஒரு யூனிட் அந்த அளவுக்குச் சர்க்கரையை இறக்கும். இது டாக்டரோடு உட்கார்ந்து பேச உதவும் கணக்கு. வீட்டில் தனியாகப் போட்டுப் பார்க்க அல்ல.

பீளமேட்டுல ஹாஸ்டல்ல இருக்கேன். ராத்திரி 2 மணிக்கு சர்க்கரை 310. அலாரம் எதுவும் அடிக்கல. பம்ப்புலயே கரெக்‌ஷன் குடுத்துட்டுத் தூங்கிட்டேன். காலைல 380, வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. பம்ப் ரிப்பேரா டாக்டர்? — கல்லூரி மாணவி

பெரும்பாலும் பம்பில் கோளாறு இருக்காது கண்ணு. தோலுக்கடியில் போன மெல்லிய குழாய் மடங்கியிருக்கும், அல்லது தூக்கத்தில் நழுவியிருக்கும். எல்லா மடங்கலுக்கும் அலாரம் அடிக்காது. இன்சுலின் தோலுக்கு மேலே கசிந்தால் பம்புக்குத் தெரியவே தெரியாது. ஒட்டுப் பட்டையை மோந்து பார், மருந்து வாடை அடிக்கும்.

250க்கு மேல் போய், பம்ப் கொடுத்த கரெக்‌ஷனில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் பம்பை நம்பாதே. கரெக்‌ஷனைப் பேனாவிலோ சிரிஞ்சிலோ போடு. பிறகு குழாய், ஊசி, மருந்து எல்லாவற்றையும் புதிதாக, வேறு இடத்தில் மாற்று. கீட்டோன் பார், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம் அது. ரத்தக் கீட்டோன் 0.6க்குக் கீழே என்றால் நிம்மதி, 1.5ஐத் தாண்டினால் டாக்டருக்குப் போன், 3 ஆனாலோ வாந்தி நிற்கவில்லை என்றாலோ நேராக மருத்துவமனை. மானி இல்லை என்றால் சிறுநீர்ப் பட்டை போதும், மருந்துக்கடையில் கிடைக்கும். விரைவு இன்சுலின் பேனா ஒன்று ஹாஸ்டல் ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கட்டும். அது எதற்கு என்று அறைத்தோழிக்கும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மருந்தை நிரப்பினால் குழாயில் காற்றுக்குமிழி கட்டும். கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு நிரப்பு.

காங்கயம் பக்கம் தோட்டத்துல வேலைங்க. கத்திரி வெயில்ல பம்ப் தாங்குமா? வேட்டியில எங்க மாட்டறது? — விவசாயி

பம்பைவிட, உள்ளே இருக்கும் மருந்துதான் முதலில் கெடும். 37 டிகிரிக்கு மேல் சூடு பட்ட இன்சுலினை நம்ப முடியாது. நம் பக்கம் மே மாத மதியத்தில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடும். பம்பையும் குழாயையும் துணிக்குள் வையுங்கள், வெயிலில் தொங்கவிடாதீர்கள். குழாயில் நிற்பது கொஞ்சூண்டு மருந்து, சீக்கிரம் சூடாகும். குழாயையும் மருந்தையும் 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதைக் கோடையில் 2 நாளாக்குங்கள். பம்பில் கொஞ்சமாக நிரப்பிக்கொள்ளுங்கள். மீதிக் குப்பியை பைக் டேங்க் கவரிலோ டிராக்டர் சீட்டுக்கடியிலோ வைத்தால் அன்றைக்கே போச்சு. தோட்டத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றால், பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. பழைய முறை, நன்றாகவே வேலை செய்கிறது.

வேட்டிக்குள் போடும் டவுசருக்கு ஜிப் வைத்த பாக்கெட் தைத்துக்கொள்வதுதான் வசதி. அரணாக்கயிறில் கிளிப் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் சிலர். குனிந்து மடை திருப்பும்போது நழுவிவிடும், வேண்டாம். வேர்வையில் ஒட்டுப் பட்டை பிரிந்தால், தோலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஒட்டி, மேலே ஒரு மெல்லிய டேப் போடுங்கள்.

நோம்பிக்குக் கிடா விருந்து, சந்தகை தேங்காய்ப்பால், ஒப்புட்டு எல்லாம் வரும். எவ்வளவு போடறது? — வாசகர், பொள்ளாச்சி

சந்தகை அரிசிதான், சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். அதன் மேல் ஊற்றும் தேங்காய்ப்பாலும் கறியும் அதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தால் சமர்த்தாக இருக்கும், நடுராத்திரியில் மலை ஏறும். சாதாரண முறையில் இருப்பவர்கள் போலஸை (சாப்பாட்டுக்குப் போடும் இன்சுலின்) இரண்டாகப் பிரித்து, பாதியைச் சாப்பிடும் முன்பும் மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பியும் கொடுக்கலாம். 780ஜியின் தானியங்கி முறையில் இந்தப் பிரிக்கும் வசதி இல்லை. மாவுச்சத்துக்கு மட்டும் 10–15 நிமிஷம் முன்னதாகப் போட்டுவிட்டு, கறிக்கான ஏற்றத்தை அதன் பொறுப்பில் விடுங்கள்.

பந்தியில் மறந்துபோய் ஒரு மணி நேரம் கழிந்துவிட்டதா? முழு அளவைப் போடாதீர்கள், பம்ப் அதற்குள் தானே துரத்த ஆரம்பித்திருக்கும். பாதியைப் பதியுங்கள். கிராம் கணக்குத் தெரியாது என்று எதுவுமே பதியாமல் விடுவதுதான் மோசம். ஒரு கப் சோறு சுமார் 45 கிராம் என்று வைத்துக்கொண்டு கண்மதிப்பாகப் போட்டாலும் பம்ப் சமாளித்துக்கொள்ளும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டா சென்சார் தப்பாக் காட்டுமாமே? — வாசகி, திருப்பூர்

மினிமெட் பம்போடு வரும் கார்டியன் வகைச் சென்சாரில் உண்மைதான். இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். தானியங்கி பம்ப் அதை நம்பி இன்சுலினைக் கொட்டும். சாதாரணச் சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குத் தானியங்கியை நிறுத்திவிட்டு, விரலில் குத்திப் பார்க்கும் அளவை மட்டும் நம்புங்கள். எத்தனை மணி நேரத்துக்கு நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், காய்ச்சல் வந்த ராத்திரியில் அல்ல.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையில குளிக்கலாமா? — வாசகர், பவானி

கழற்றிவிட்டுக் குளியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிடுங்கள். கழற்றும் முன் பம்பை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் வெளியே சொட்டியதையும் உடம்புக்குப் போனதாகவே கணக்கில் எழுதிக்கொள்ளும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் பம்ப், சென்சார் இரண்டையுமே கழற்ற வேண்டும்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். டைப் 2 சர்க்கரை, ராத்திரி மட்டும் 20 யூனிட் ஊசி. பம்ப் வெச்சா எல்லாம் சரியாயிரும்னு ஒருத்தர் சொன்னார். நகையை அடகு வெச்சு வாங்கலாமுங்களா? — வாசகி, நாமக்கல்

வேண்டாம் அம்மா. ராத்திரி ஒரு ஊசியில் இருப்பவருக்குப் பம்ப் தேவையில்லை. விலை சில லட்சம், அது ஒரு தடவைச் செலவு. குழாய், ஊசி, சென்சார் என்று மாதா மாதம் போகும் செலவு நிற்கவே நிற்காது. பாதியில் கை வறண்டால் பெட்டி அலமாரிக்குப் போய்விடும். அதற்குப் பதில் சாப்பாட்டு நேரம், மாத்திரை, ஊசி அளவு இவற்றை ஒருமுறை டாக்டரிடம் சரிபாருங்கள். இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு சென்சார் ஒட்டிப் பார்த்தால், சர்க்கரை எந்த நேரத்தில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டியரிங் பிடிக்கும் முன் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பம்பால் முதலில் பலன் பெறுவது உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 உள்ளவர்கள், அதிலும் குழந்தைகள். உங்கள் உறவில் அப்படிக் குழந்தை இருந்து இன்சுலினுக்கே சிரமம் என்றால், கோவையில் டைப் 1 குழந்தைகளுக்காகவே இயங்கும் இதயங்கள் அறக்கட்டளையை முதலில் விசாரியுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.