ஜப்பானில் ஓசாகாவிலிருந்து ஹிரோஷிமா போகிற வழியில், கூட்டமில்லாத ஊர் ஒன்றில் ஒரு ராத்திரி தனியாகத் தங்க நினைக்கிறேன். எங்கே இறங்கலாம்?

ஒகயாமாவில் இறங்குங்கள்.

ஓசாகாவிலிருந்து நொஸோமி என்கிற ஷின்கான்சென் (புல்லட்) ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். மறுநாள் அங்கிருந்து ஹிரோஷிமாவுக்குச் சுமார் நாற்பது நிமிடம். எல்லா ஷின்கான்சென் ரயில்களும் நின்று போகிற பெரிய நிலையம்தான். இருந்தும் வெளியூர்ப் பயணிகள் பெரும்பாலும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஹிரோஷிமா போய்விடுகிறார்கள். நிலையத்தைச் சுற்றி நிறைய பிசினஸ் ஹோட்டல்கள் உண்டு. ஒரு ஆளுக்கென்றே கட்டிய சின்ன அறைகள் என்பதால் தனியாகப் போகிறவருக்கு வாடகை உறுத்தாது.

ஊரில் எல்லோரும் சொல்வது கோராகுவென் தோட்டம். ஜப்பானின் மூன்று பெரும் தோட்டங்களில் ஒன்று; இக்கேதா சுனமாசா என்ற பிரபு கட்டச் சொல்லி, 1700-ல் முடிந்தது. ஜப்பானியத் தோட்டம் என்றால் பாசியும் கல்லும்தான் என்று நினைத்துப் போனால் இங்கே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி இருக்கும். நடுவே ஒரு துண்டு நெல்வயல், தேயிலைச் செடிகள், உச்சி சிவந்த பெருங்கொக்குகள். போருக்குப் பின் கொக்குகள் இல்லாமல் போக, மாணவனாக இந்த ஊரில் படித்த சீன அறிஞர் குவோ மோருவோ 1956-ல் ஒரு ஜோடியை அனுப்பிவைத்தார். எனக்குப் பிடித்தது ரியூதென் என்கிற மண்டபம். சுவர் கிடையாது, தரை நடுவே ஓடை ஓடுகிறது. 1945 குண்டுவீச்சில் தோட்டத்தின் பல கட்டடங்கள் எரிந்தபோது தப்பித்தவற்றில் இதுவும் ஒன்று. ஆற்றுக்கு அப்பால் தெரியும் கறுப்புக் கோட்டையும் அந்தத் தாக்குதலில் எரிந்துபோனதுதான். இப்போது இருப்பது 1966-ல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம், வெளியே நின்று பார்த்தால் போதும். கோடைகாலத்தில் தோட்டம் காலை 7.30-க்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் போங்கள்.

ஆனால் நான் ஒகயாமாவைச் சொன்னதற்குக் காரணம் தோட்டம் இல்லை, கிபி என்கிற சமவெளி. பகலின் பெரும்பகுதியை இதற்கே வையுங்கள்.

நிலையத்திலிருந்து கிபி லைன் என்கிற டீசல் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் பிஸென் இச்சினோமியா வரும். அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்து, வயல்களுக்கு நடுவே போகும் பாதையிலேயே மிதித்து, சோஜா நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பலாம். பெரும்பாலும் சமதளம், பழக்கம் இல்லாதவர்களும் ஓட்டலாம். மாலைக்குள் சைக்கிளைத் திருப்பித் தர வேண்டும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள்.

முதலில் கிபிட்சு ஆலயம். 1425-ல் கட்டி முடித்த பிரதானக் கூடத்திலிருந்து மரத்தூண் நடைபாதை ஒன்று மலைச்சரிவை ஒட்டி இறங்கிக்கொண்டே போகிறது. நிலைகுத்தி நின்று பார்க்க வேண்டிய இடம். இங்கே குடிகொண்டிருக்கும் இளவரசர் உரா என்ற அரக்கனைக் கொன்றார் என்பது தலக்கதை. ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தெரிந்த, பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ கதைக்கு இதுதான் மூலம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அரக்கனின் தலை அடுப்புக்கு அடியில் புதைந்திருக்கிறதாம். மேலே உள்ள கொப்பரை முழங்குவதை வைத்து இன்றைக்கும் குறி பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை அந்தச் சடங்கு கிடையாது.

அப்புறம் ட்சுகுரியாமா. ஐந்தாம் நூற்றாண்டில் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஓர் அரசனின் கல்லறை, சுமார் 350 மீட்டர் நீளம். ஜப்பானில் இதைவிடப் பெரியவை மூன்றுதான். அந்த மூன்றும் அரச குடும்பத்துக் கல்லறைகளாகப் பராமரிக்கப்படுவதால் யாரும் உள்ளே போக முடியாது, வேலிக்கு வெளியே நின்று மரங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ட்சுகுரியாமாவிலோ டிக்கெட் இல்லை, காவல் இல்லை, நேராக மேலே ஏறலாம். மேலே ஒரு சின்னக் கோயில் முன்னால் குடைந்த கல் சவப்பெட்டி ஒன்று கிடக்கிறது. அந்தக் கல் கியூஷு தீவின் அசோ எரிமலைப் பாறை. கடல் தாண்டி வந்த கல் அது. இங்கே புதைக்கப்பட்ட அரசனின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. அங்கே உட்கார்ந்து சமவெளியைப் பார்க்கும்போது, பழங்காலத்தில் கிபி எவ்வளவு பலமான நாடாக இருந்திருக்கும் என்று புரிகிறது.

கடைசியில் பிட்சு கொகுபுன்ஜி என்கிற பௌத்தக் கோயில். வயலுக்கு நடுவே ஐந்தடுக்குக் கோபுரம். வசந்தத்தில் சுற்றிலும் பூக்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஊரின் பாராசூஷியைக் கட்டாயம் சாப்பிடுங்கள். ஒரு சூப், ஒரு தொடுகறிக்கு மேல் கூடாது என்று பிரபு கட்டளை போட்டபோது, மீனையும் காய்களையும் சோற்றிலேயே சேர்த்துவிட்டார்கள் என்று கதை. சைவம் என்றால் கவனம் தேவை. சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும்கூட மீன் சாறு இருக்கும். சைக்கிள் பாதையில் கடைகளும் குறைவு. நிலையத்திலேயே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் ஒகயாமாவின் வெள்ளை பீச் அப்போதுதான் கிடைக்கும். விலை அதிகம்தான், ஒன்றாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.