கேளுங்க, சொல்றோம்: எக்ஸ் பட்டனைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: மாமாவின் ஜவுளிக்கடைக்கு விபி டாட் நெட் என்ற புரோகிராமிங் மொழியில் நானே பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் போடுகிற அக்கா நாளைக்கு ஒரு தடவையாவது தெரியாமல் ஜன்னலை மூடுகிற மேல் மூலை எக்ஸை அமுக்கிவிடுகிறார். இருபது, முப்பது ஐட்டம் அடித்த பில் அப்படியே போய்விடுகிறது. எக்ஸ் பட்டனையே எடுத்துவிடலாமா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: எடுக்கலாம், ஒரு நிமிட வேலை. ஃபார்மின், அதாவது பில் போடுகிற ஜன்னலின், கன்ட்ரோல்பாக்ஸ் பிராப்பர்ட்டியை ஃபால்ஸ் ஆக்கினால் எக்ஸ் காணாமல் போகும். கூடவே மினிமைஸும் மேக்ஸிமைஸும் போய்விடும், ஆனால் கீபோர்டில் ஆல்ட் எஃப்4 எப்போதும்போல் மூடிக்கொண்டுதான் இருக்கும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை.

அக்காவைத் திட்டாதீர்கள். விண்டோஸ் 3.1 வரைக்கும் வலது மூலையில் மினிமைஸ், மேக்ஸிமைஸ் இரண்டுதான் இருந்தன. மூட வேண்டுமென்றால் இடது மூலைப் பெட்டியை இரண்டு முறை தட்ட வேண்டும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோதுதான் எக்ஸைக் கொண்டுவந்து மேக்ஸிமைஸுக்கு ஒட்டினாற்போல் வைத்தார்கள். அதுவும் ஜன்னல் திரை முழுக்க விரிந்திருக்கும்போது மவுஸை மேல் மூலைக்கு வீசிவிட்டு கிளிக் பண்ணினாலே போதும், எக்ஸ்தான். கை படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, முறையான வழி ஃபார்ம்குளோசிங் ஈவென்ட், அதாவது ஜன்னல் மூடப் போகிற நேரத்தில் தானாக ஓடுகிற புரோகிராம் பகுதி. எக்ஸ், ஆல்ட் எஃப்4, டாஸ்க்பாரில் ரைட் கிளிக் பண்ணி மூடுவது எல்லாமே இங்கே வந்துதான் போகும். அங்கே இ டாட் கேன்சலை ட்ரூ ஆக்கினால் ஜன்னல் நகராது. ஆனால் முதலில் குளோஸ்ரீசனை, அதாவது ஜன்னல் எதனால் மூடுகிறது என்பதை, பாருங்கள். யூசர்குளோசிங் என்றால் மட்டும் தடுங்கள், விண்டோஸ்ஷட்டவுன் என்றால் விட்டுவிடுங்கள். இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தடுத்து வைத்தால், மாமா ராத்திரி ஷட்டவுன் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிப் போய்விடுவார், கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், 'மூடவா?' என்று கேட்கிற மெசேஜ்பாக்ஸ். ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தபோது இதில் நானே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், இல்லை என்று இரண்டு பட்டன் வைத்தேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் பட்டன்தான், அதாவது 'ஆமாம்'தான், தயாராக நிற்கும். ஸ்கேனர் வைத்து பில் போடுகிற கடை அது. எக்ஸில் கை பட்டது தெரியாமல், திரையைப் பார்க்காமலே அடுத்த புடவையை ஸ்கேன் பண்ணினார்கள். பார்கோடு ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு, எண்ணை அடித்துவிட்டுக் கடைசியில் என்டரும் தட்டும். அந்த என்டர் நேராகப் போய் 'ஆமாம்' மேல் விழுந்தது. பில் போயே போச்சு. பிறகு தயாராக நிற்கிற டிஃபால்ட் பட்டனை இரண்டாவதாக, அதாவது 'இல்லை' என்று, மாற்றினேன். பில் தப்பித்தது, ஆனால் ஸ்கேன் பண்ணிய அந்தப் புடவை மட்டும் பில்லில் ஏறவில்லை. வாங்கியவருக்கு இலவசம்!

அதனால் நான் சொல்வது, கேட்காதீர்கள், சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு ஐட்டம் ஏறும்போதும் அந்த வரியை டேட்டாபேஸில் 'முடியாத பில்' என்று ஒரு டேபிளில் எழுதிவிட்டால், எக்ஸை அமுக்கினாலும் சரி, கரண்ட் போனாலும் சரி (கரண்ட் போகும்போது ஃபார்ம்குளோசிங் எல்லாம் ஓடாது), மறுபடி திறந்ததும் விட்ட இடத்தில் பில் வந்து நிற்கும். பில் பிரிண்ட் ஆனதும் அந்த வரிகளை மறக்காமல் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் முந்தின ஆள் வாங்கிய வேட்டியும் அடுத்தவர் தலையில் விழும்.

கேள்வி: எக்செல்லை மூடும்போது அவசரத்தில் 'டோன்ட் சேவ்' கொடுத்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா? (கணக்காளர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் கிடைக்கும். ஒரு தடவைகூட சேவ் பண்ணாத புது ஃபைல் என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் வொர்க்புக் போய் 'ரெகவர் அன்சேவ்ட் வொர்க்புக்ஸ்' என்பதில் தேடுங்கள். பழைய ஃபைல் என்றால் அதையே திறந்து அதே இடத்தில் பாருங்கள், சேவ் பண்ணாமல் மூடிய வெர்ஷன் நேரத்தோடு தெரியும். எக்செல் தானாக நகல் எடுக்கிற ஆட்டோரெகவர் வசதி சாதாரணமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் எடுத்து வைக்கும், அதனால் கடைசி சில நிமிடத்து வேலை போனது போனதுதான். ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் அந்த 10ஐ 2 ஆக்கிக்கொள்ளுங்கள்.