ஜாவா பழசாகிவிட்டதா?

"ஜாவா செத்துப்போச்சும்மா, இனிமே எல்லாம் பைதான்தான்" என்கிறான் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன். இரண்டும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் மொழிகள்; காலேஜில் நடத்துவதோ ஜாவா. தனியாகப் பணம் கட்டி பைதான் கிளாஸில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் கட்டும் முன் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள் அம்மா. பைதான் வெளிவந்தது 1991இல், ஜாவா 1995இல். பழசு என்று தள்ளுவதானால் முதலில் பைதானைத்தான் தள்ள வேண்டும்!

ஜாவா கண்ணில் படாத இடத்தில் ஓடுகிறது. வங்கி, இன்சூரன்ஸ் போன்ற இடங்களில், பின்னணியில் வேலை செய்யும் சர்வர் கம்ப்யூட்டர்களில், பல வருடங்களாக எழுதிச் சேர்த்த லட்சக்கணக்கான புரோகிராம் வரிகள் ஜாவாவில் கிடக்கின்றன. பணம் புழங்கும் இடத்தில், ஒழுங்காக ஓடுவதைப் பிரித்துப் போட்டு வேறு மொழியில் எழுத யாரும் லேசில் துணிய மாட்டார்கள். அதைப் பராமரிக்கவும் புதுசாக ஒட்டுப்போடவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஏஐ, டேட்டா சயின்ஸ் பக்கம் போக ஆசை என்றால் பைதான் இல்லாமல் முடியாது. ஆண்ட்ராய்டு ஆப் என்றால் 2019லிருந்தே கூகுள் காட்லின் என்ற வேறொரு மொழியைத்தான் முன்னே வைக்கிறது.

எனக்கு ஜாவாவைவிட, அவனுக்கு நடத்தும் ஜாவாவின் மேல்தான் சந்தேகம். அவனுடைய லேப் ரெக்கார்டை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'ஆப்லெட்' (பிரவுசருக்குள் ஓடும் குட்டி ஜாவா புரோகிராம்) என்ற வார்த்தை இருந்தால் அது 2017லேயே 'இனி வேண்டாம்' என்று முத்திரை குத்தப்பட்ட சரக்கு. பெயரில்லாத குட்டி ஃபங்ஷனைச் சுருக்கமாக எழுதும் வசதியான லாம்டா 2014இல் ஜாவா 8உடன் வந்தது; 2023இல் வந்த ஜாவா 21இல், ஒரே நேரத்தில் ஏராளமான வேலைகளை லேசாக ஓட்டும் விர்ச்சுவல் த்ரெட் இருக்கிறது. இதையெல்லாம் தொடாமல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு "ஜாவா தெரியும்" என்று இன்டர்வியூவில் உட்கார்ந்து, இரண்டாவது கேள்வியிலேயே முழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஜாவா புரோகிராம் எழுதி ஓட்டத் தேவையான ஓப்பன்ஜேடிகே இலவசம். ஜாவாவில் சர்வர் புரோகிராம் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டும் இலவசம். ஹாஸ்டல் மெஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளட்டும்: யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு பாக்கி. டேட்டாபேஸோடு, அதிலிருந்து தகவல் கேட்டு வாங்கும் மொழியான எஸ்க்யூஎல்லோடு, ஒரு செமஸ்டரில் உருப்படியாக முடித்துக் காட்டட்டும். அதை முடித்தவனுக்கு பைதானின் அடிப்படை ஒரு லீவில் தானாக வந்துவிடும், கிளாஸ் தேவைப்படாது.

அந்த ஃபீஸில் அவன் லேப்டாப்புக்கு ரேம் போட்டுக் கொடுங்கள். ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ், பிரவுசர் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி திணறும்.